வசந்தகாலப் பந்தும் வாங்குவோர் கரங்களும்

அமெரிக்க நாட்டிலே கால்பந்து என்றொரு விளையாட்டு உண்டு. பெயர்தான் கால்பந்து, காலுக்கு அதிலே வேலை சொற்பம். முட்டை வடிவான பந்தைக் கையிலே இடுக்கிக்கொண்டு, தலைக்குக் கவசமும் தோளுக்குத் திண்டும் மாட்டிய ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் மோதி விழுந்து, கெஜம் கெஜமாக நிலம் பிடிக்கிற ஆட்டம் அது. அந்த ஆட்டத்தின் ஏகபோகம் என்.எஃப்.எல். எனும் பெரிய லீக்கிடம் இருக்கிறது. செப்டம்பரிலே தொடங்கி பிப்ரவரியிலே முடித்துக்கொள்வார்கள். மீதி மாதங்களில் அரங்கங்கள் காலி. தொலைக்காட்சிக்காரர்களுக்குக் காட்டுவதற்குக் கால்பந்தும் இல்லை. அந்தக் காலியிடத்தை நிரப்பப் பிறந்ததுதான் வசந்தகால லீக். அதன் இன்றைய பெயர் யு.எஃப்.எல். அணிகள் எட்டு, அணிக்கு ஏறத்தாழ ஐம்பது பேர், பத்து வாரத்து ஆட்டம்.

இது பிழைக்குமா, மடியுமா? ஆட்டக்காரன் திறமை காட்டினால் பிழைக்கும், மக்கள் திரண்டு வந்தால் பிழைக்கும் என்றுதான் எவரும் நினைப்பர். அதுதான் இல்லை! செயின்ட் லூயிஸ் நகரத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே இருந்த பெரிய லீக்கின் அணியை அதன் உரிமையாளர் 2016இல் லாஸ் ஏஞ்சலிசுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அந்த ஆத்திரமோ ஆசையோ, 2024இல் வசந்தகால அணியின் ஆட்டத்துக்கு அந்நகர மக்கள் முப்பதாயிரம் பேருக்கு மேல் கூடினார்கள். அப்படிப்பட்ட கூட்டம் எட்டு ஊரிலும் கூடினாலும் லீக்கின் தலையெழுத்தை எழுதும் பேனா அந்தக் கூட்டத்தின் கையில் இராது. அது தொலைக்காட்சிக் கம்பெனிகளின் கையிலே இருக்கிறது. அந்தக் கம்பெனிகளோ இன்று ஒன்றை ஒன்று விழுங்கிக்கொண்டிருக்கின்றன. பெரிய மீன் சின்ன மீனை விழுங்கும்போது, சின்ன மீனின் வயிற்றிலே கிடந்த பூச்சியின் கதி என்ன? அதைத்தான் நாம் இங்கே பார்க்கிறோம்.

முதலில் பிறப்புக் கதை. எக்ஸ்.எஃப்.எல். என்றொரு வசந்தகால லீக் 2020இல் ஐந்தே வாரம் ஆடியது, கொரோனா வந்தது, மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டது. அந்த ஆண்டு ஆகஸ்டிலே, மல்யுத்தத்திலிருந்து சினிமாவுக்குப் போன நடிகர் டுவெய்ன் ஜான்சனும், அவரது கூட்டாளி டேனி கார்சியாவும், ரெட்பேர்ட் எனும் முதலீட்டு நிறுவனமும் சேர்ந்து அதை ஒன்றரைக் கோடி டாலருக்கு வாங்கினார்கள். மறுபுறத்திலே ஃபாக்ஸ் தொலைக்காட்சி 2022இல் யு.எஸ்.எஃப்.எல். என்று தானே ஒரு லீக்கை வைத்துக்கொண்டது. ஆட்டத்தைக் காட்டுகிறவனே ஆட்டத்துக்கும் உரிமையாளன்! 2023இல் இரண்டும் ஒரே வசந்தத்திலே ஆடின. முன்னதற்கு டிஸ்னியின் ஏ.பி.சி., ஈ.எஸ்.பி.என். அலைவரிசைகள், பின்னதற்கு ஃபாக்ஸ். அந்த ஆண்டின் முடிவிலே இணைப்பு அறிவிக்கப்பட்டது. இரண்டு லீக்கிலும் தலைக்கு எட்டு அணிகள். நம் பிள்ளைகள் பள்ளியிலே படிக்கும் வாய்பாட்டின்படி எட்டும் எட்டும் பதினாறு. 2024 மார்ச் 30இல் புதிய லீக் தொடங்கியபோது அணிகள் எட்டு. முதலாளிகளின் கூட்டலில் எட்டும் எட்டும் எட்டு! மீதி எட்டு அணிகளின் ஆட்டக்காரன், பயிற்சியாளன், உடை துவைக்கிறவன், மருந்துப் பெட்டி தூக்குகிறவன் எனப் பலர் வேறு வேலை தேடப் போனார்கள்.

இணைப்பு என்ற சொல்லைக் கேட்டதும் கணக்குப் பென்சிலை எடுக்க வேண்டியவன் தொழிலாளிதான்.

இந்த வசந்தகால ஆட்டக்காரர்கள் யார்? பெரிய லீக் எடுத்துக்கொள்ளாதவர்கள், எடுத்துக்கொண்டு கழித்துவிட்டவர்கள். ஜேக் பேட்ஸ் என்பவரைப் பாருங்கள். ஹூஸ்டன் நகரத்திலே செங்கல் விற்பனை செய்துகொண்டிருந்த மனிதர். 2024 மார்ச் 30, புதிய லீக்கின் முதல் நாள். மிச்சிகன் அணிக்காக டெட்ராய்ட் அரங்கிலே, ஆட்டம் முடியச் சில நொடிகளே இருக்கையில், 64 கெஜத் தூரத்திலிருந்து பந்தை உதைத்துக் கம்பங்களுக்கிடையே செலுத்தி அணியை வெல்லவைத்தார். அந்த ஆண்டே பெரிய லீக்கின் டெட்ராய்ட் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. பிராண்டன் ஆப்ரி கணினி வேலை பார்த்தவர். பர்மிங்காம் வசந்தகால அணியிலே உதைத்துக் காட்டி 2023இல் டல்லாஸ் அணிக்குப் போனார். நானூறு பேருக்கு இது ஒரு வாசல். அகலமான வாசல் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் வேறு வாசல் அவர்களுக்கு இல்லை.

வாசலிலே நிற்பவனுக்குக் கூலி என்ன? 2024 பருவத்துக்கு ஏறத்தாழ 55,000 டாலர். 2025இல் ஒப்பந்தம் போட்டபின் 62,005 டாலர். ரூபாயாக்கிப் பார்த்து வாய் பிளக்க வேண்டாம்; அந்த நாட்டு விலைவாசியிலே, மூன்று நான்கு மாதத்துக்கு மட்டுமே கிடைக்கும் கூலி இது. அதே ஆண்டில் பெரிய லீக்கில் புதிதாய் நுழைபவனுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 8,40,000 டாலர். மோதலும் அதே மோதல், முழங்காலும் அதே முழங்கால்!

அந்த 62,005 டாலரும் கம்பெனிகளின் கருணையால் வந்ததன்று. இந்த ஆட்டக்காரர்களின் சங்கம் எந்தச் சங்கத்தோடு சேர்ந்தது தெரியுமா? அமெரிக்க எஃகுத் தொழிலாளர் சங்கத்தோடு! 2022இல் பர்மிங்காமிலே ஆடிக்கொண்டிருந்தபோதே அந்த முடிவை எடுத்தார்கள். பர்மிங்காம் இரும்பும் எஃகும் வார்த்து வளர்ந்த ஊர் என்பதை இங்கே நினைத்துக்கொள்வது நல்லது. 2025 தொடக்கத்திலே சம்பளத்தையும் மருத்துவ வசதியையும் முன்வைத்துப் பேச்சு இழுபட்டபோது, அணிகளின் முன்னணி ஆட்டக்காரர்கள் பயிற்சி முகாமுக்குப் போகாமல் ஒதுங்கி நின்றார்கள். மார்ச்சிலே ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. பந்தை எறிகிற கை சும்மா இருந்தால் ஆட்டம் இல்லை, ஆட்டம் இல்லாவிட்டால் விளம்பரம் இல்லை என்பது எதிர்த்தரப்புக்குப் புரிந்தது.

சங்கம் இல்லாத இடத்தில் என்ன நடந்தது என்பதற்கும் சான்று உண்டு. ஏ.ஏ.எஃப். என்ற லீக் 2019 பிப்ரவரியிலே தொடங்கியது. ஓரிரு வாரத்திலேயே பணமுடை. டாம் டண்டன் என்ற செல்வர் 25 கோடி டாலர் தருவதாகச் சொல்லி நிர்வாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். மீட்பர் வந்தார் என்று மகிழ்ந்தார்கள். மீட்பருக்கு வேண்டியது வேறு: பெரிய லீக்கின் மாற்று ஆட்டக்காரர்கள் தமது லீக்கில் ஆட வரவேண்டும் என்றார். அங்குள்ள ஆட்டக்காரர் சங்கம் இணங்கவில்லை. எட்டாவது வாரம் முடிந்ததும், ஏப்ரல் 2ஆம் நாள், கடையை மூடு என்றார். பட்டம் தீர்மானிக்கும் ஆட்டம்கூட நடக்கவில்லை. ஆட்டக்காரர்கள் பலர் ஊர் திரும்பும் விமானக் கட்டணத்தைத் தம் கைப்பணத்திலே கட்டினார்கள். கைமாற்றம் நடந்து ஆறேழு வாரத்துக்குள் எல்லாம் முடிந்தது.

இதைவிடப் பழைய கதை ஒன்று இருக்கிறது. அதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும்.

1983இல் முதல் யு.எஸ்.எஃப்.எல். பிறந்தது. வசந்தத்திலே ஆடியது, ஏ.பி.சி.யும் அப்போது இளம்பிள்ளையாக இருந்த ஈ.எஸ்.பி.என்.னும் காட்டின. கூட்டமும் வந்தது. ஆனால் அணி வைத்திருந்த செல்வர் சிலருக்கு வசந்தம் போதவில்லை. பெரிய லீக்கோடு மோதி இலையுதிர் காலத்திலேயே ஆடுவோம் என்று கூவியவர்களில் முதல்வர், நியூ ஜெர்சி அணியின் உரிமையாளர். பெயர் டொனால்ட் டிரம்ப்! 1985இலேதான் கடைசி ஆட்டம். 1986 இலையுதிர் காலத்துக்கு ஒளிபரப்பு ஒப்பந்தம் தர எந்தத் தொலைக்காட்சியும் முன்வரவில்லை. வழக்குப் போட்டார்கள். பெரிய லீக் ஏகபோகம் செய்தது உண்மைதான் என்று 1986 ஜூலையிலே நடுவர் குழு கூறியது. நட்டஈடாக ஒரு டாலர் கொடுத்தது! ஏகபோகத் தடைச் சட்டப்படி அது மூன்று மடங்காகி மூன்று டாலர். வட்டியும் சேர்ந்து பிற்பாடு வந்த காசோலை மூன்று டாலர் எழுபத்தாறு சென்ட்.

இந்த மூன்று டாலர் கதையை அமெரிக்கர் சிரித்துச் சிரித்துச் சொல்வார்கள். அதே நேரத்தில் மறுபக்கம் நடந்ததை அவ்வளவாகச் சொல்வதில்லை. அந்நாட்டின் பெரிய தொலைக்காட்சிகள் அப்போது மூன்றே மூன்று. 1985 மார்ச்சிலே ஏ.பி.சி.யைக் கேப்பிட்டல் சிட்டீஸ் என்ற கம்பெனி 350 கோடி டாலருக்குப் பேசி முடித்தது. அந்த ஆண்டு டிசம்பரிலே என்.பி.சி.யின் தாய்க் கம்பெனியை வாங்க ஜெனரல் எலெக்ட்ரிக் உடன்பாடு செய்தது. 1986இல் சி.பி.எஸ். லாரன்ஸ் டிஷ் என்ற முதலாளியின் பிடிக்குள் வந்தது. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டிலே மூன்றும் கைமாறின! சிறிய லீக் கதவு தட்டிக்கொண்டு நின்ற அதே ஒன்றரை ஆண்டு. உள்ளேயோ புதிய எஜமானர்கள் கணக்குப் புத்தகத்தைப் புரட்டி எங்கே வெட்டலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கைமாற்றம்தான் லீக்கைக் கொன்றது என்று நாம் சாதிக்கவில்லை. டிரம்பின் பேராசைக்கும் அதிலே பெரும்பங்கு உண்டு. புது எஜமானன் வந்த வீட்டிலே சிறுகடைக்குக் கடன் கிடைப்பது அரிது என்பதுவரை ஐயமில்லை.

நாற்பது ஆண்டு கழித்து இன்று நடப்பதைப் பாருங்கள். 2019 மார்ச்சிலே டிஸ்னி, பழைய ஃபாக்ஸ் சாம்ராஜ்யத்தின் பெரும்பகுதியை 7,100 கோடி டாலருக்கு வாங்கியது. மிஞ்சியதுதான் இன்றைய ஃபாக்ஸ். 2025 ஆகஸ்ட் 7இல், சி.பி.எஸ். தொலைக்காட்சியின் தாய்க் கம்பெனியான பாரமவுண்டை 800 கோடி டாலர் ஏற்பாட்டிலே ஸ்கைடான்ஸ் எடுத்துக்கொண்டது. ஸ்கைடான்ஸின் தலைவர் டேவிட் எல்லிசன், ஆரக்கிள் அதிபர் லாரி எல்லிசனின் மகன். அரசின் அனுமதி ஜூலை 24இல் வந்தது. அதே ஜூலையின் தொடக்கத்திலே, சி.பி.எஸ். மீது குடியரசுத் தலைவர் டிரம்ப் போட்டிருந்த வழக்கை 1 கோடி 60 லட்சம் டாலர் கொடுத்துப் பாரமவுண்ட் முடித்துக்கொண்டது. தேதிகளை அருகருகே வைக்கிறோம். கூட்டிப் பார்ப்பது வாசகர் பொறுப்பு. அடுத்து, 2025 டிசம்பரிலே வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரியை வாங்க நெட்ஃபிளிக்ஸும் பாரமவுண்டும் மல்லுக்கட்டின. பாரமவுண்ட் அப்போது கூறிய விலை, கடனையும் சேர்த்து, 10,800 கோடி டாலர்!

இதற்கும் பத்து வாரப் பந்தாட்டத்துக்கும் என்ன முடிச்சு? முடிச்சு ரெட்பேர்ட். வசந்தகால லீக்கை வாங்கியவர்களில் ஒன்றான அதே ரெட்பேர்ட்தான், பாரமவுண்டை வாங்கிய எல்லிசன் குடும்பத்தின் கூட்டாளி. புதிய பாரமவுண்டின் நிர்வாகத் தலைமையில் அதன் ஆளே அமர்ந்தார். ஆக, லீக்கின் ஒரு பங்காளி சி.பி.எஸ். பக்கம், மற்றொரு பங்காளியான ஃபாக்ஸோ சி.பி.எஸ்.ஸுக்குப் போட்டி. மூன்றாவது தூண் டிஸ்னியின் ஈ.எஸ்.பி.என். அதிலே பத்து விழுக்காட்டுப் பங்கைப் பெரிய லீக்கான என்.எஃப்.எல்.லே பெறுவதற்கு 2025 ஆகஸ்டிலே உடன்பாடு அறிவிக்கப்பட்டது. சிறிய கடை குடியிருக்கும் கட்டடத்திலே எதிர்க்கடைக்காரன் பங்கு வாங்குகிறான் என்பது இதன் பொருள். அவன் நாளைக்கே வாடகையை உயர்த்துவான் என்று சோதிடம் கூற வேண்டியதில்லை. உயர்த்தக்கூடிய இடத்துக்கு வந்துவிட்டான்.

மூன்று தூணும் மூன்று திசையில் சாய்ந்தால் கூரை என்னாகும்? ரெட்பேர்ட் தன் ஆட்டங்களைச் சி.பி.எஸ்.ஸுக்கு இழுக்க நினைக்கலாம்; ஃபாக்ஸ் விடாது. அல்லது வார்னர் போன்ற மலைகளை விழுங்க முனையும் கூட்டத்துக்கு, வசந்தகால லீக் போன்ற கூழாங்கல் தேவையில்லை என்று தோன்றலாம்.

ஆனால் இவற்றைவிட முக்கியமான ஆபத்து கடனிலே இருக்கிறது. கம்பெனியை வாங்கும் பணத்தில் பலவேளை கடனும் உண்டு. வட்டி கட்ட வேண்டும். செலவைக் குறைப்போம் என்று பங்குச் சந்தைக்கு வாக்குக் கொடுத்தாக வேண்டும். பாரமவுண்டிலே கைமாறிய மூன்றே மாதத்துக்குள், 2025 அக்டோபரில், ஆயிரம் பேருக்கு வேலைநீக்க உத்தரவு போயிற்று. இன்னொரு பக்கம், பெரிய லீக்கின் ஒளிபரப்பு விலை. 2021இலே போட்ட பதினொரு ஆண்டு ஒப்பந்தங்கள் ஏறத்தாழ 11,000 கோடி டாலர் பெறும். அவற்றை முன்கூட்டியே திறந்து புதிய விலை பேசும் எண்ணம் என்.எஃப்.எல். தலைவருக்கு உண்டு என்பது 2025 செப்டம்பரிலே அவர் வாயாலேயே வெளிவந்தது. அந்த விலையைக் கொடுக்காமல் எந்தத் தொலைக்காட்சியும் இருக்க முடியாது. ஆகவே கொடுப்பார்கள். கொடுத்த பணத்தை எங்கே பிடிப்பார்கள்? சூப்பர் பௌலிலா பிடிப்பார்கள்? ஏப்ரல் மாதத்துச் சனிக்கிழமைப் பந்தாட்டத்திலேதான்!

புதிய முதலாளி வந்தால் புதிய பணமும் வருமே, அது நல்லதுதானே என்று கேட்பவர் உண்டு. வரும். 2025 ஜூலையிலே மைக் ரெபோல் என்ற பானக் கம்பெனிச் செல்வர் இந்த லீக்கிலே பணம் போட்டார். அக்டோபரிலே மெம்பிஸ், மிச்சிகன், சான் அன்டோனியோ ஆகிய மூன்று அணிகள் கைவிடப்பட்டன. கொலம்பஸ், லூயிவில், ஆர்லாண்டோ என்ற மூன்று ஊர்களுக்குப் புதிய அணிகள் தரப்பட்டன. பெரிய அரங்கத்திலே வெற்று இருக்கைகளைக் காட்டுவதைவிடச் சிறிய அரங்கத்தை நிரப்புவோம் என்பது அவர் வாதம். அதிலே நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும் மிச்சிகன் எந்த அணி? செங்கல் விற்ற மனிதர் உதைத்து வென்ற அணி. 2025 ஜூனிலே இறுதி ஆட்டம் வரைக்கும் வந்த அணி! ஆட்டத்திலே முன்னேறியவன் ஏட்டிலே கழிக்கப்பட்டான். சீட்டு வாங்கி வந்து கத்திய ரசிகனை ஒரு வார்த்தை கேட்டார்களா?

இதே டிஸ்னியின் விளையாட்டு நம் நாட்டிலும் நடந்தது. 2022இல் ஐ.பி.எல். கிரிக்கெட் உரிமை ஏலத்திலே, தொலைக்காட்சிக்கு டிஸ்னியின் ஸ்டார் 23,575 கோடி ரூபாயும், இணைய ஒளிபரப்புக்கு ரிலையன்ஸின் வயாகாம் 20,500 கோடி ரூபாயும் கூறி எடுத்தன. 2024 நவம்பரிலே இரண்டும் ஒன்றாயின. எதிரெதிரே ஏலம் கேட்டவர்கள் ஒரே வீட்டிலே! கிரிக்கெட்டுக்காவது வேறு கம்பெனிகள் வாசலுக்கு வரும். நமது ஐ.எஸ்.எல். கால்பந்துக்கு? அதை நடத்திய ரிலையன்ஸ் சார்பு நிறுவனத்தின் ஒப்பந்தம் முடியும் தறுவாயில், 2025 ஜூலையிலே லீக் நிறுத்திவைக்கப்பட்டது. சில கழகங்கள் ஆட்டக்காரருக்கும் ஊழியருக்கும் சம்பளத்தை நிறுத்தின. பிறகு டெண்டர் கோரியபோது ஒருவர்கூட விண்ணப்பிக்கவில்லை. வருவதற்கு எத்தனை பேர் மிஞ்சியிருந்தார்கள்?

கைமாற்றமே நடக்க முடியாத அணி ஒன்றும் அமெரிக்காவிலே உண்டு என்றால் வியப்பாக இருக்கும். கிரீன் பே என்ற சிறிய ஊர், இறைச்சி பதனிடும் தொழிலின் ஊர்; அணியின் பெயரே அந்தத் தொழிலிலிருந்து வந்தது. 1923 முதல் அந்த அணி ஊர்மக்களின் பங்கிலே நிற்கிறது. இன்று ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பங்குதாரர்கள். எவருக்கும் லாபப் பங்கு கிடையாது. எந்தக் கோடீசுவரனும் மொத்தமாக வாங்க முடியாது. நூறாண்டாக அந்த ஊரை விட்டு அணி நகரவில்லை. பெரிய லீக் அதைப் பார்த்து மகிழ்ந்ததா? இனி எந்த அணியும் அப்படி இருக்கக் கூடாது என்று விதி செய்துகொண்டது!

வசந்தகால ஆட்டக்காரர்களுக்குக் கிரீன் பே கிடைக்கப் போவதில்லை. அவர்கள் கையில் இருப்பது எஃகுத் தொழிலாளர் சங்கத்தின் ஒப்பந்தம் ஒன்றுதான். அது 2025, 2026 பருவங்களுக்காகப் போடப்பட்டது. அடுத்த ஒப்பந்தத்திலே கூலி எத்தனை டாலர் என்பதோடு இரண்டு வரிகள் சேர்ந்தாக வேண்டும். ஒன்று, லீக்கோ அதன் தாய்க் கம்பெனியோ எவர் கைக்குப் போனாலும் இந்த ஒப்பந்தம் வாங்கியவரையும் கட்டுப்படுத்தும் என்ற வரி. மற்றொன்று, பருவத்தின் முழுக் கூலியும், ஊர் திரும்பும் பயணச் செலவும், காயத்துக்கான மருத்துவச் செலவும் முதல் பந்து எறியப்படுமுன் தனிக் கணக்கிலே போடப்பட வேண்டும் என்ற வரி. 2019இல் கைப்பணத்திலே விமானம் ஏறியவர்களிடம் அந்த இரண்டு வரிகள் இருக்கவில்லை. பேச்சு தொடங்கும்போது மேசையின் இந்தப் பக்கம் சங்கம் உட்கார்ந்திருக்கும். அந்தப் பக்கத்து நாற்காலியிலே ஃபாக்ஸா, ரெட்பேர்டா, ரெபோலா, அல்லது இவர்களை வாங்கிய வேறொருவரா?